ஒரு சாண் தள்ளி

மலைமேல் ஒரு வீட்டில், குளிர் காயும் கணப்பு அடுப்புக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர் இருந்தது. தீயைக் கண்டாலே அதற்குக் குலை நடுங்கும். அதன் காவலுக்கென்று அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தகரத் தகடு வந்து நின்றது.

"தள்ளி நிக்காதே தம்பி, என்னை ஒட்டி நில்லு" என்று கெஞ்சியது சுவர். பாவமாக இருந்தது தகரத்துக்கு. சுவரோடு இறுக ஒட்டிக்கொண்டது.

அடுப்பு மூண்டது. கொஞ்ச நேரத்தில் பலகையிலிருந்து கருகல் வாடை கிளம்பியது.

"அடப்பாவி, நீயே என்னைச் சுடுறியே!"

"வாங்கின சூட்டை உள்ளேயே வெச்சுக்க எனக்குத் தெரியாதுக்கா. ஒட்டி நின்னா அப்படியே உனக்குத்தான் வரும். ஒரு சாண் தள்ளி நிக்கிறேன்."

"கஷ்டம்னு வந்ததும் விலகிப் போறியா? போ, போ!"

தகரம் விலகியது. சுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இடைவெளியில் காற்று நுழைந்தது. கருகல் வாடை அடங்கியது. பலகை மெல்லக் குளிர்ந்தது. அப்புறம்தான் சுவர் திரும்பிப் பார்த்தது.

தகரம் ஒரு சாண் தள்ளித்தான் நின்றிருந்தது, தீயின் பக்கமாக.