மனிதக் காலடி படாத மணல்

சுற்றுலாக்காரர் எவரும் கண்டிராத பாலைவனத்தைத் தாமே கண்டறியப் போவதாக, துபாய்க் கட்டடக் கம்பெனியின் மேனேஜர் வாசு ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவியிடம் பிரகடனம் செய்தார்.

நண்பகலில் ஜீப் மணலில் புதைந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் அரை பாட்டில்தான் இருந்தது.

"இங்கேயே செத்தா யாருக்குங்க தெரியும்?" மனைவி ஜெயலட்சுமி கேட்டாள்.

வாசு பாட்டிலை அவளிடம் நீட்டினார். "இந்த இடத்துல மனுஷன் ஒரு நாள்கூட உயிரோட இருக்க முடியாது ஜெயா."

மணல்மேட்டில், முகத்தில் துணி சுற்றிய ஒருவன் மண்வெட்டியோடு தோன்றினான். ஜெயலட்சுமி அலறினாள். அவன் துணியை விலக்கினான்.

"வாசு சாரா? நான் வீரபாண்டி, நம்ம கம்பெனிதான். மேட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம கூலியாளுங்க தங்குற கேம்ப். வண்டியைத் தள்ள ஆளக் கூட்டியாறேன்."

"கேம்ப்பா? இங்கேயா?"

"'நேர்ல பார்த்தேன், வசதியான இடம்'னு நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் வாசல்லயே ஒட்டியிருக்கே சார்."

அங்கே நானூறு பேர் மூன்று வருடமாகக் குடியிருந்தார்கள்.