அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும்

"அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்தாகணும் அண்ணே. முடிஞ்சிடுமா?"

அந்த வீட்டு மகன் மூன்றாவது முறையாகக் கேட்டார். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டிருந்த மெக்கானிக் "உம்" கொட்டினார். இக்னிஷன் பூட்டு துருப்பிடித்து, வருவேனா என்று அடம் பிடித்தது. அதைவிடப் பெரிய அடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பெரியவர்.

சாயங்காலம் ஒரு சுற்று வண்டி ஓட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குமாம். சாவி தொலைந்து நான்கு நாளாக வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்லிவிட்டாராம் டாக்டர்.

"சாவி எப்படிங்க தொலைஞ்சுது?"

"இவன்தான்," என்று மகனைக் காட்டினார் பெரியவர். "விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே வந்தான். பாலத்து மேல போறப்ப ஜன்னல் வழியா ஆத்துல போட்டுட்டான்."

சாவி மகன் விரலில் இருந்தால் வண்டி எப்படி ஓடியது? மெக்கானிக்குக்கு வாய்வரை வந்தது. வீட்டுச் சண்டை நமக்கெதற்கு என்று விழுங்கிவிட்டார். நல்ல குடும்பம் வேறு. பானெட்டை ஒரு சாண் மட்டும் தூக்கி, கையை நுழைத்து, பேட்டரி வயரை மகனே கழற்றித் தந்திருந்தார்.

மருமகள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து பின்னால் ஏறினாள். "மாமா, இன்னிக்காவது வளைவுல மெதுவா திருப்புங்க. போன தடவை எனக்கு வாந்தியே வந்துடுச்சு."

"மலைப்பாதைன்னா அப்படித்தாம்மா இருக்கும்."

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது புதுப் பூட்டு உட்கார்ந்தது. மகன் வயரை மாட்டினார். பெரியவர் இடம் மாறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. ரேடியோ பாடியது. இன்ஜினிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

மெக்கானிக்குக்கு இது இருபது வருடத் தொழில் மானம். ஓடிப்போய் பானெட்டை முழுதாகத் தூக்கினார்.

உள்ளே ஓரமாக ஒரு பேட்டரி. மீதி இடமெல்லாம் வெங்காயம்.

"சீக்கிரம் மூடுங்கண்ணே, வெளிச்சம் பட்டா முளைச்சிடும்," என்றாள் மருமகள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து.

மகன் மெக்கானிக்கின் காதோரம் குனிந்தார். "இன்ஜினை வித்து ஆறு வருஷமாச்சு. ரேடியோ பாடுதுல்ல, அப்பாவுக்கு அது போதும்."

பெரியவர் ஹாரன் அடித்தார். "ஏறு தம்பி, போற வழியில உன்னைக் கடையில இறக்கி விட்டுடறேன்."

மெக்கானிக் பானெட்டை மூடினார். பிறகு பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, மலைப்பாதை என்பதால் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.