பஞ்சுக்கு நடுவில்

கிழிந்த ரப்பர் வளையத்தை மாற்றுவதற்காக, வீட்டில் பாட்டுக் கேட்கும், மூன்று ஸ்பீக்கர்கள் பொருத்திய பழைய மரப்பெட்டியிலிருந்து பெரிய ஸ்பீக்கரான ஊஃபரைப் பரஞ்சோதி கழற்றினார். இரைச்சலை அடக்க உள்ளே திணிக்கப்பட்டிருந்த பஞ்சுக்கு நடுவில் ஒரு பச்சை ஸ்வெட்டர் இருந்தது. முப்பது வருடங்களுக்கு முன், இரண்டு வயது மகள் இறந்த பதினாறாம் நாள், அவளுடைய துணி ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று மனைவி வசுமதியிடம் சொன்னவர் அவர்தான். அதன்பிறகு இருவரும் அவளைப் பற்றிப் பேசியதேயில்லை. அவர் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தார். பழம்பஞ்சின் வாடைதான் வந்தது. காபியோடு வந்த வசுமதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அத வெளிய எடுத்துடாதீங்க," என்றாள். "பாட்டு மாறிடும்." அவர் அதன் சின்னஞ்சிறு கையை விரல்களால் நீவிவிட்டார். "கயலுக்கு இது கை நீளம், இல்ல?" என்று கேட்டார். "மடிச்சுதான் விடுவேன்," என்றாள் வசுமதி.