படகில் எழுதிய பெயர்

"அண்ணாச்சி, இந்தப் பேரை மட்டும் எழுதச் சொல்லாதீங்க. எனக்குக் கை வராது."

பெயிண்டர் சூசையப்பன் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

குருசாமி கரையேற்றி வைத்திருந்த தன் படகின் பக்கத்தில் குந்தி, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோற்றுத் தூக்கோடு படகுத்துறைப் படியிறங்கி வந்த ராமுத்தாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. புருஷனுக்கும் பெயிண்டருக்கும் என்ன தகராறு என்று எட்டிப் பார்த்தாள். பலகையில் சாக்பீஸால் பெரிது பெரிதாக எழுதியிருந்தது.

மணிகண்டன்.

அவள் பெற்ற ஒரே பிள்ளையின் பெயர்.

"ஏங்க! உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருச்சா?" தூக்கைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

மாட்டுப்பட்டி அணையில் படகு ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. படகுக்கு இறந்துபோனவர் பெயரைத்தான் வைப்பார்கள். உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை எழுதினால், தண்ணீர் அதைப் படித்துவிட்டு அந்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுமாம். அந்தத் துறையில் கட்டிக் கிடந்த படகுகளில் பெயர் எழுதியிருந்த பேச்சியம்மா, சுடலைமுத்து எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள்தான்.

குருசாமியின் படகுக்கு மட்டும், அதை வாங்கிப் பன்னிரண்டு வருஷமாகியும் பெயர் கிடையாது. யாராவது கேட்டால், "அந்த இடம் எனக்கு. நான் போனப்புறம் என் மகன் எழுதுவான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

இந்தக் கட்டுகளையெல்லாம் அவரைப்போல யாரும் பார்க்க மாட்டார்கள். சவாரிக்கு வருகிறவர் இடது காலை முதலில் வைத்து ஏறினால் இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வார். விசில் அடித்தால் காற்று கிளம்பும் என்று, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியைப் பாதி வழியில் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட ஆள். துறையில் அவரைக் கேலி பேசாதவர்கள் இல்லை. அப்பேர்ப்பட்டவர்தான் இன்றைக்கு மகன் பெயரைப் படகில் எழுத உட்கார்ந்திருக்கிறார்.

ராமுத்தாய் முந்தானையால் எழுத்தை அழித்தாள். குருசாமி சாக்பீஸை எடுத்து மறுபடி எழுதினார். எழுத்துக் கோணிக்கொண்டு போனது.

"மதினி, நான் ஒரு மணி நேரமாச் சொல்லிப் பாத்துட்டேன். வாயே திறக்க மாட்டேங்காரு" என்றார் சூசையப்பன்.

ராமுத்தாய் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். விடிகாலையில் ஒரு போன் வந்து, பேசிக்கொண்டே வெளியே போன மனுஷன். யாரோ டூரிஸ்ட் பார்ட்டி போலிருக்கிறது என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்புறம் அவர் காப்பி குடிக்கக்கூட வீட்டுக்கு வரவில்லை. இந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்; ஈரம் இன்னும் சட்டைக் காலரில் காயாமல் இருந்தது. நல்ல காரியம்போலக் குளித்துவிட்டு வந்தா பெற்ற பிள்ளைக்குக் குழி பறிப்பார்கள்?

"ரெண்டு வருசமாச்சே, இன்னுமா உங்க கோவம் தீரல?" என்றாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மணிகண்டன், "இந்தத் தண்ணியிலேயே சுத்திச் சுத்தி வர என்னால முடியாதுப்பா" என்று கொச்சிக்குப் போய்க் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். "அப்போ என் மூஞ்சியில முழிக்காதலே" என்றார் குருசாமி. அதோடு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோனது. கப்பல் கரை தொடும்போதெல்லாம் அவன் அம்மாவை மட்டும் கூப்பிடுவான். அவள் பேசி முடிக்கிறவரை குருசாமி பக்கத்திலேயே எதையாவது தேடுவதுபோல நின்றுகொண்டிருப்பார்.

"போன வாரம்தான் பேசுனான். தை பிறந்ததும் வாரேன்னான். அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வச்சிருக்கேன்னான். அவன் பேரையா எழுதுதீக?"

குருசாமியின் தலை இன்னும் கவிழ்ந்தது. பிரஷ்ஷை எடுத்துப் பெயிண்டில் தோய்த்தார்.

ராமுத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதித்தான் ஆகணும்னா என் பேரை எழுதுங்க. தண்ணிக்கு ஆள் வேணும்னா என்னைக் கூப்பிட்டுக்கட்டும். என் பிள்ளையை விட்ருங்க!"

குருசாமி அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். கண் ரெண்டும் சிவந்து கிடந்தன.

"உன் பேரை எழுதக் கூடாது ராமு" என்றார். "உசுரோட இருக்கவுக பேரைப் படகுல எழுதக் கூடாதுல்லா..."

சூசையப்பன் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்போ அவன் பேரை மட்டும்..." என்று ஆரம்பித்த ராமுத்தாய் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் பிடி தளர்ந்தது.

முப்பது வருஷமாகத் தண்ணீரின் கட்டு ஒன்றையும் மீறாத குருசாமி, அன்றைக்கும் மீறவில்லை. விடிகாலையில் கப்பல் கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னதைப் பெற்றவளிடம் சொல்ல வாய் வராமல்தான், அவர் அதைப் படகில் எழுதிக்கொண்டிருந்தார்.