கத்தினால்தான் பொங்கும்

பீருக்கு ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் வீரியம் வராது என்பது எங்கள் வோஸ் ஊர் வழக்கம். நேற்று நான் போட்ட கத்தலில் மலையில் மேய்ந்த ஆடுகள் எல்லை தாண்டிப் பக்கத்து நாடான ஸ்வீடனுக்கே ஓடிவிட்டன. முதியோர் இல்ல மேலாளர் ரன்வெய்க்குக் கேட்காமல் இருக்குமா?

காலையிலேயே என் அறைக்கு வந்துவிட்டாள்.

"பெரியவரே, பீப்பாய் எங்க? கிடைச்சா சாக்கடையில கொட்டிருவேன்."

"முதல்ல கண்டுபிடிம்மா. சொந்த பீர் இல்லாம எங்க வம்சத்துல எவனும் கிறிஸ்துமஸ் கொண்டாடினதில்ல. நானும் மாட்டேன்."

கட்டிலுக்கு அடியில் தேடினாள். துணி அலமாரியைக் குடைந்தாள். என் தலையணையைக்கூட மோந்து பார்த்தாள். பொங்கும் பீர் மூடி வழியாகக் குளுக் குளுக்கென்று காற்று விடுமே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மீன்தொட்டியின் குமிழிச் சத்தம்தான் கேட்டது.

"மீனுக்காவது ஒழுங்கா தீனி போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த கட்டில் ஹால்வார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ரப்பர் மீனுக்குத் தீனி வேறயா? ஏம்ப்பா, குமிழி இவ்வளவு வேகமா வருதே. பீப்பாய் வெடிச்சிராதே?"

"சின்ன மூடி போட்டிருந்தா நுரை அடைச்சு வெடிச்சிருக்கும். தடிமனான குழாயாப் போட்டு, சுவர் ஓட்டை வழியா இந்தத் தொட்டித் தண்ணிக்குள்ள விட்டிருக்கேன்."

"அவ பக்கத்து ரூம் அலமாரியத் திறந்துட்டா?"

"திறக்கட்டுமே. மேலாளர் ஆபீஸ்ல பீப்பாய் எப்படி வந்துச்சுன்னு அவதான பதில் சொல்லணும்?"