நாற்பத்தேழு வயது ஈரல்

நல்ல செய்தியைக் கேட்ட பிறகும் கதிரையை விட்டு எழும்பாத மனுசனை அன்ரோனெற் அன்றைக்குத்தான் பார்த்தாள். அதுவும் அவளுடைய சொந்தப் புருசன் ஜெராட்.

டொக்டர் அம்மா எவ்வளவு பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க இப்போது ஊசி குத்திச் சதை எடுக்கத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனையில் வந்த மூன்று எண்கள், அவற்றோடு ஆளின் வயது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு புள்ளி வரும்.

ஜெராட்டுக்கு வந்தது ஒன்று தசம் நாலு இரண்டு.

ஒன்று தசம் நாலு ஐந்தைத் தாண்டினால் கொழும்புக்குப் போய் ஸ்கான் எடுக்க வேண்டும். தாண்டவில்லை. ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

இந்த ஒரு சொல்லைக் கேட்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? போன பெருநாளுக்குக் கோயிலில் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் ஈரலைப் பழுதாக்கும் செங்கமாரிக் கிருமி இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து கிளினிக் நாளாகப் பார்த்து இவர் விடியமுதலே கடலுக்குப் போய்விடுவார். கெஞ்சி, ஏசி, மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து, இன்றைக்குத்தான் பேசாலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"எழும்புங்கோவன். வெளியில எத்தினை சனம் நிக்குது. வாயில என்ன கொழுக்கட்டையோ?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலியாணம் கட்டி ஆறு வருடமாக இதே கதை. இந்தியா அகதி முகாமிலிருந்து தனியாக வந்து, அவளுடைய காணிக்கு அடுத்த காணியில் குடியேறியவர். விசாரிக்க ஒரு சொந்தம் இல்லை. முகாமைப் பற்றிக் கேட்டால் வலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"டொக்டர், எனக்கு நாப்பத்தேழு இல்லை. அம்பத்தேழு."

டொக்டர் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அட்டையில் நாற்பத்தேழுதான்.

"அட்டை சரி. அது என்ர இல்லை."

டொக்டர் கணினியில் வயதை மாற்றி மறுபடி தட்டினார். ஒன்று தசம் ஏழு இரண்டு. கொழும்புக்குக் கடிதம் எழுத ஒரு தாளை எடுத்தார்.

அன்ரோனெற்றுக்குப் பயம்தான். அதற்கு மேலாகக் கோபம் வந்தது. பத்து வயதை ஒளித்தவர். பெயரையும் ஒளித்தவர். பூசையில் மோதிரம் மாற்றும்போதுகூட வாயைத் திறக்காதவர், ஈரலுக்குப் பயந்து இப்போது திறக்கிறார்.

"அப்ப இந்த ஆறு வருசமும் நான் ஆரின்ர பேரைச் சொல்லி ஏசினனான்?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்ர தம்பியின்ர. ராமேஸ்வரத்துக்குப் போகேக்க படகில என்ர கையைப் பிடிச்சிருந்தவன். கரைக்கு என்னோட அவன் வரேல்ல; அவன்ர பிறப்புப் பத்திரம்தான் வந்தது."