நானூற்றுப் பன்னிரண்டு பேர்

எதிர்ச் சாரியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண், பொத்தான் கடையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது படியேறினால் அவள் கையிலிருந்த சின்னக் கருவி 'க்ளிக்' என்றது.

அந்தச் சத்தம் தெருவைத் தாண்டி வராது. ஆனாலும் பொத்தான் கடைக்காரருக்கு அது ஒவ்வொரு முறையும் கேட்டது.

போன வருஷம் இப்படித்தான் ஓர் ஆள் செருப்புக்கடைக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுப் போனார். நாலே மாதத்தில் அந்த இடம் கண்ணாடி அறையாகி, உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் முளைத்துவிட்டன. தெருவிலுள்ள கடைகளெல்லாம் நகரசபைக்குச் சொந்தம். கூட்டம் வராத கடையை ஆபீஸாக்கிவிடுவது என்று அங்கே யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

இந்த வருஷமும் கடிதம் வந்தது. 'நகர மையத்தில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடையே சமநிலை காண, மூன்று நாள் கணக்கெடுப்பு.' அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. விளக்கம் கேட்கவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

முதல் நாள் கடைக்குள் வந்தவர்கள் பத்தொன்பது பேர். ஆள் ஒன்றுக்கு ஒரு பொத்தான் என்று அவரும் ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுக்கொண்டே வந்தார். சாயங்காலம் பார்த்தால் குவளையின் அடிகூட மறையவில்லை.

"கடை போச்சுன்னா என்ன பண்றது? உங்களுக்குப் பொத்தானைத் தவிர வேற என்ன தெரியும்?" என்றாள் மனைவி.

இருபத்திரண்டு வருஷமாக அவர் வேறெதையும் தெரிந்துகொள்ளவில்லை என்பது உண்மைதான்.

"சரி, கவலைப்படாதீங்க. எங்க ஆளுங்களைக் கூப்பிடறேன்."

மறுநாள் காலையிலேயே மனைவி வீட்டார் பத்துப் பேர் வந்து இறங்கினார்கள். உள்ளே வருவது, நாலு பொத்தானைப் புரட்டுவது, வெளியே போவது, தெருமுனையில் எதையாவது மாற்றிக்கொண்டு மறுபடி வருவது. இதுதான் வேலை. மைத்துனன் தொப்பியோடு வந்தான், தொப்பியில்லாமல் வந்தான், பிறகு கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். கொழுந்தியாள் ஒரே நாளில் ஐந்து நிறத்தில் சால்வை போர்த்தினாள். எதிரே இருந்தவளுக்குக் கால்கள்தான் கணக்கு, முகங்கள் இல்லை.

"கால் விட்டுப்போச்சு மாமா. பின்பக்கமா ஒரு வாசல் வெச்சிருக்கக் கூடாதா, அப்படியே ஒரு சுத்து வந்துடலாம்ல," என்றான் மைத்துனன்.

"எங்க வைக்கிறது? சுவத்துல சாஞ்சு பாரு, தெரியும்."

அந்தச் சுவருக்குப் பின்னால் இருபது மாடி ஆபீஸ் கட்டடம். சாய்ந்தால் லிஃப்ட் ஏறி இறங்குவது முதுகில் தெரியும். உள்ளே மூவாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் அவர்களுடைய வாசல் அடுத்த ரோட்டில் இருந்ததால், ஒருவர்கூட அறுந்துபோன சட்டைப் பொத்தானுக்காக இந்தப் பக்கம் வந்ததில்லை.

மத்தியானம் பக்கத்துக் குடைக்கடைக்காரர் மெல்ல எட்டிப் பார்த்தார். நடப்பது அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"அண்ணே, உங்க ஆளுங்க அப்படியே என் கடையிலயும் ஒரு எட்டு ஏறி இறங்கினா என்ன? காலைலேருந்து ஆறே பேருதான்."

"எங்களுக்கே ஆள் பத்தல தம்பி. அப்புறம் பார்க்கலாம்."

குடைக்கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். பொத்தான் கடைக்காரருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. குவளையைப் பார்த்ததும் உறுத்தல் கொஞ்சம் அடங்கியது.

மூன்றாம் நாள் முடிவதற்குள் குவளை நிரம்பி இன்னொன்றும் எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியாக அந்தப் பெண் நாற்காலியை மடக்கிக்கொண்டு நேரே கடைக்குள் வந்தாள். மைத்துனன் தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் யாரையும் பார்க்கவில்லை. பின்சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இதுல தூண் எதுவும் இல்லையே?"

"இல்லம்மா, வெறும் சுவருதான்."

எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவர் அதே இடத்தைத் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

பத்தாம் நாள் நகரசபை அதிகாரி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. குடைக்கடைக்காரர் பாதிக் குடைகளை ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தார். அதிகாரி அவரைத் தாண்டி நேரே பொத்தான் கடைக்கு வந்து கையை நீட்டினார்.

"மூணு நாள்ல நானூத்திப் பன்னெண்டு பேர். இந்தத் தெருவுலயே நீங்கதான் சார் முதல்."

பொத்தான் கடைக்காரர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனைவி கல்லாவைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப... கூட்டம் இல்லாத கடையெல்லாம் ஆபீஸ் ஆயிடுமா சார்?" பொத்தான் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் குடைக்கடைக்காரருக்காகக் கேட்டார். ஜெயித்த பிறகு இரக்கப்படுவது சுலபமாக இருந்தது.

"அது போன வருஷத் திட்டம். இப்ப ஆபீஸ் அதிகமாப் போயி கடைங்க காயுது. இனிமே ஒரு கடையும் ஆபீஸ் ஆகாது. பின்னால இருக்கற மூவாயிரம் பேரையும் இந்தத் தெருவுக்கு வரவழைக்கணும், அவ்வளவுதான்."

"நல்ல விஷயம் சார். எப்படி வரவழைப்பீங்க?"

அதிகாரி பையிலிருந்து மஞ்சள் சாக்கட்டியை எடுத்தார். அலமாரியை ஒதுக்கி, பின்சுவரில் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை கோடு இழுத்து, அப்படியே குறுக்கே கொண்டுபோய், மறுபடி தரைவரை இறக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஒன்று வந்து நின்றது.

"ஜனங்க தானாத் தேடி வந்து நுழையற இடத்துலதான் வழி திறக்கணும்னு உத்தரவு," என்றார், கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க சார்."